சிமிழுக்கு எந்த மூடி: இறுக்கமா, திருகா, தளர்வா?

லேத்தில் கடையும் சின்ன மரச் சிமிழில் முக்கால்வாசி வேலை மூடியில்தான் இருக்கிறது. வெளிப்புறத்தை உருண்டையாகவோ ஒடுக்கமாகவோ எப்படிக் கடைந்தாலும், கையில் எடுப்பவர் முதலில் செய்வது மூடியைத் திறந்து பார்ப்பதுதான். அதை மூன்று விதமாகப் பொருத்தலாம்: காற்றுப் பிடியில் 'டப்' என்று கழலும் இறுக்க மூடி, மரை போட்ட திருகு மூடி, சும்மா மேலே உட்காரும் தளர் மூடி. மோதிரமோ குழந்தையின் முதல் பல்லோ வைத்துக்கொள்கிற நினைவுச் சிமிழ் என்றால் என் ஓட்டு தளர் மூடிக்கு. கடைசல்காரர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

காரணம் மரம்தான். காய்ந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். நார் ஓடும் திசையில் இந்த மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். குறுக்கே உண்டு, அதுவும் சமமாக இல்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைவிடப் பல மரங்களில் ஏறத்தாழ இரு மடங்கு. சிமிழுக்குப் பெரும்பாலும் நார் லேத்தின் நீளவாக்கில் ஓடும்படிதான் கட்டையைப் பிடிக்கிறோம். ஆகவே வட்டமாகக் கடைந்த வாய் நாளாக நாளாக நீள்வட்டமாகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாயின் விட்டம் 60 மி.மீ., மரத்தின் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்குகிறது. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை வளையத் திசையில் 8 சதவீதம் சுருங்கக்கூடிய மரம் என்றால், அந்தத் திசையில் 0.8 மி.மீ., மற்றதில் 0.4 மி.மீ. குறையும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.4 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறுக்க மூடி நம்பியிருக்கும் இடைவெளி 0.1 மி.மீ.கூடக் கிடையாது. எந்த மூடியானாலும் இரண்டு பாகங்களையும் சுவர் தடிமனாக விட்டுக் குடைந்து, சில வாரம் ஆறப்போட்டு, அப்புறம் முடிப்பதுதான் நல்லது. அப்படிச் செய்தாலும் அசைவு குறையுமே தவிர நிற்காது.

சரி, இறுக்க மூடி. அதன் சுகம் தனி, மறுக்கவில்லை. அதைப் பொருத்தும் விதமும் அழகு. மூடியின் உட்குழியை முதலில் நேர் உருளையாகக் குடைந்து முடித்துவிட வேண்டும். பிறகு அடிப்பாகத்தின் கழுத்தை, அதாவது மூடிக்குள் நுழையும் பகுதியை, கொஞ்சம் பெரிதாக விட்டு, நுனியை மட்டும் லேசாகச் சரிக்க வேண்டும். அது சுழலும்போதே மூடியை ஒரு கணம் அழுத்தி எடுத்தால் உரசிய இடத்தில் பளபளவென்று மெல்லிய வளையம் விழும். அதுதான் அளவு. அங்கிருந்து தோள்வரை, அதாவது மூடியின் விளிம்பு உட்காரும் படிவரை, நேராகக் கடைந்து, ஒவ்வொரு சீவலுக்கும் ஒருமுறை மூடியைப் போட்டுப் பார்த்தபடி போக வேண்டும். கழுத்தில் துளி சரிவு இருந்தாலும் மூடி ஒரே இடத்தில் மட்டும் பிடித்து, லேசாக இழுத்ததும் விட்டுவிடும். சாண்ட் பேப்பரை அழுத்தித் தேய்த்தாலோ கழுத்து சூடேறி, ஆறிய பிறகு பிடி மாறியிருக்கும். இதில் ஒரு வசதியும் உண்டு: மூடி இறுக்கமாக நிற்கும்போதே அதன் மேற்புறத்தைக் கடைந்து முடித்துவிடலாம், தனியாகப் பிடிப்பு செய்ய வேண்டியதில்லை.

இத்தனை பாடுபட்ட பிடி பருவம் மாறியதும் என்ன ஆகிறது? மூடியும் அடியும் ஒரே கட்டை என்பதால் இரண்டும் ஒரே திசையில்தான் நீள்வட்டமாகும். மரத்தின் ரேகை சேரும்படி வைத்தால் பொருந்தும். கால் சுற்றுத் திருப்பி வைத்தால் மாட்டிக்கொள்ளும். கடைந்தவருக்கு இது தெரியும், பரிசாக வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார், மூடி திடீரென்று கழலும், உள்ளே இருந்த கம்மல் கட்டிலுக்கு அடியில் போய் விழும்.

திருகு மூடிக்கு இந்த நீள்வட்டம் இன்னும் பெரிய எதிரி, ஏனென்றால் அது சுற்றியே ஆக வேண்டும். அதனால் மரையைக் கொஞ்சம் தளர்வாகத்தான் வெட்டுகிறார்கள், வாயும் சின்னதாக இருந்தால் நல்லது. மரமும் நெருக்கமான நார் கொண்ட கனமரமாக இருக்க வேண்டும்; ஆப்பிரிக்கக் கருமரம், பாக்ஸ்வுட், கருங்காலி போன்றவை. தேக்கு மாதிரி பெருந்துளை மரங்களில் மரையின் முகடு உதிர்ந்துவிடும். கையால் மரை வெட்டும் பல் உளியில் அங்குலத்துக்கு 16 அல்லது 20 மரை என்பது வழக்கமான அளவு. 16 என்றால் ஒரு சுற்றுக்கு மூடி சுமார் 1.6 மி.மீ. இறங்கும். முழுக்க இறுகிய பிறகும் ரேகை கால் சுற்றுத் தள்ளி நிற்கிறது என்றால், தோளில் 0.4 மி.மீ. சீவினால் மூடி அந்தக் கால் சுற்றும் போய் ரேகையோடு சேர்ந்துவிடும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மெதுவான வேகத்தில் உளியைச் சீராக நகர்த்தக் கை பழகாதவர் மரை வெட்டும் ஜிக் என்ற துணைக்கருவியை வாங்க வேண்டியிருக்கும், அது தனிச் செலவு. பையில் போட்டு எடுத்துப் போகிற ஊசிக்குப்பி, மாத்திரைச் சிமிழ் என்றால் திருகுதான் சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அலமாரியில் இருக்கப்போகிற சிமிழுக்கு அது வீண் பகட்டு.

தளர் மூடியை 'தெரியாதவர் வேலை' என்று ஒதுக்குவது நியாயமில்லை. கழுத்துக்கும் மூடிக்கும் நடுவே சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விட்டால் மேலே சொன்ன 0.4 அதற்குள் அடங்கிவிடும். எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காரும், ஒரு கையால் திறக்கலாம். மூடியும் அடியும் ஒரே மரமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளிறிய மேப்பிள் அடிக்குக் கருங்காலி மூடி போடலாம், கனமான மூடி தன் பாரத்தாலேயே நிற்கும். கவிழ்த்தால் விழுந்துவிடும் என்பது உண்மை. ஆட்டினால் கடகடக்கும் என்கிறார்கள். அது தோள் தட்டையாக இல்லாத மூடியில்தான். தோளை வெளி விளிம்பில் மட்டும் தொடும்படி உள்நோக்கி ஒரு மயிரிழை தாழ்த்திக் கடைந்தால் மூடி ஆடாது. மேற்புறத்தை முடிக்க, கழுத்தில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி மூடியைத் தற்காலிகமாக இறுக்கிக்கொள்ள வேண்டும். கூடுதல் வேலை அவ்வளவுதான்.

உட்புறப் பூச்சில் மூன்றுக்கும் ஒரே பதில்: ஆளி விதை எண்ணெய் வேண்டாம். மூடிய சிமிழுக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் நிற்கும். அரக்குப் பூச்சு சீக்கிரம் காயும், காய்ந்ததும் வாடை இருக்காது. இறுக்க மூடியின் கழுத்துக்கு மட்டும் அதுவும் கூடாது, மெழுகை லேசாகத் தடவி விட்டால் போதும். பூச்சின் கனம் ஏறினால் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பிடி போய்விடும்.