கனடாவில் துணைவர் விண்ணப்பம்: உள்நாட்டு வகையா, வெளிநாட்டு வகையா?

கனடியக் குடியுரிமை பெற்றவரை மணந்தவர், நிரந்தர வதிவிட உரிமைக்கு இரு வகைகளில் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டு வகையில் துணையுடன் கனடாவிலேயே சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும்; முடிவு வருமுன் வெளியே சென்று, மீண்டும் நுழைய அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பமே வீணாகக்கூடும். வெளிநாட்டு வகையில் அந்த அச்சமில்லை என்பதோடு, நிராகரிப்பு வந்தால் அழைப்பவர், அதாவது கனடியத் துணை, குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவை நாடவும் முடியும். உள்நாட்டு வகைக்கு அவ்வுரிமை கிடையாது, கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதியோடு நீதி மறுஆய்வு கோருவதே எஞ்சும். துணையின் அடிப்படைத் தேவைகளுக்கு அழைப்பவர் உறுதியளிக்கும் 3 ஆண்டுகளுக்கான பொறுப்பேற்பு இரண்டுக்கும் பொதுவானது. ஊரில் முதிய பெற்றோர் இருப்பவர், தற்போது கனடாவில் வசித்தாலும், வெளிநாட்டு வகையில் விண்ணப்பிப்பதையே நான் பரிந்துரைப்பேன். தங்கும் அனுமதி காலாவதியாகிவிட்டவரின் நிலை வேறு. நாட்டைவிட்டுப் புறப்படாமல் விண்ணப்பிக்க, அவருக்கு உள்நாட்டு வகையே இடமளிக்கிறது.