0.019 டாலர்: பிளாக்செயின் சமூக ஊடகத்தில் நான்கு வருடம்

நான் பதிவு போட்ட ஆறாவது நாள் இரவு அதற்குக் கீழே 0.019 டாலர் என்று காட்டியது. மறுநாள் பார்த்தால் பூஜ்யம். நான்கு பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள், அதில் இரண்டு பேர் முழுவதும் படித்துவிட்டுப் பின்னூட்டமும் எழுதியிருந்தார்கள். பழைய ஆள் ஒருவரிடம் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. 0.02 டாலரைத் தொடாத பதிவுக்குப் பட்டுவாடாவே கிடையாதாம். தூசு என்று தள்ளிவிடுவார்கள். நான் சேர்ந்து அப்போது மூன்றாவது வாரம்.

2021 கடைசியில் சேர்ந்தேன். ஸ்டீம் என்ற பிளாக்செயின் (பலரின் கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேடு) வம்சத்தில் வந்த தளங்களில் ஒன்று. 2016-இல் ஸ்டீம் தொடங்கியபோது சொன்ன அதே வாக்குறுதிதான் என்னையும் இழுத்தது: எழுது, மக்கள் ஓட்டுப் போடுவார்கள், அது டோக்கனாக, அதாவது தளத்தின் சொந்தக் கிரிப்டோ காசாக, உன் வாலட்டுக்கு வரும், நடுவில் விளம்பரக் கம்பெனி கிடையாது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'மக்கள்' என்ற சொல்லில்தான் சிக்கல்.

ஓட்டு என்றால் ஆளுக்கு ஒன்று என்பதுதான் நம் பழக்கம். இங்கே ஓட்டின் எடை, பூட்டி வைத்திருக்கும் டோக்கனைப் பொறுத்தது. ஆரம்பத்தில் என் கணக்கில் 15 டோக்கனுக்குரிய பவர் (பூட்டிய டோக்கனுக்கு அங்கே அதுதான் பெயர்) இருந்தது. நண்பர் ஒருவரின் பதிவுக்கு ஓட்டின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை 100 சதவீதம் வரை இழுத்து ஓட்டுப் போட்டேன். தொகை அசையவே இல்லை. அடுத்த நிமிடம் ஒரு பெரிய கணக்கு வந்து வெறும் 3 சதவீதம் போட்டது, எண் துள்ளிக் குதித்தது. அங்கே பெரிய கணக்குகளைத் திமிங்கிலம் என்பார்கள், நடுத்தரம் டால்பின், என்னைப் போன்றவர்கள் பிளாங்டன். கடலில் பிளாங்டனின் வேலை என்ன என்று யோசித்தால் அந்தப் பெயரை வைத்தவரின் நேர்மையைப் பாராட்டத் தோன்றும்.

சரி, ஒரு பதிவு 1 டாலர் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் எவ்வளவு வரும்? அதில் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் போய்விடும். மீதி 0.50-இல் பாதி டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கனாகவும், மறுபாதி பூட்டிய பவராகவும் வரும். ஆக உடனே எடுக்கக்கூடியது 0.25. அதைப் பணமாக மாற்ற, கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்குப் போனால், நான் போன இடத்தில் பணம் எடுப்பதற்கான குறைந்தபட்சத் தொகையை எட்டவே எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் 2022-இல் கிரிப்டோ சந்தை மொத்தமாகச் சரிந்தது. அதே ஆட்கள், அதே ஓட்டுகள், என் எழுத்திலும் மாற்றமில்லை. வருமானம் மட்டும் கரைந்தது.

விதிகளைத் திருத்தவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டீமில் 2017 ஜூன் வரை வெகுமதி ஓட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஓடியது. பத்து மடங்கு ஓட்டு விழுந்தால் நூறு மடங்கு பணம். அதை நேர்கோடாக்கினார்கள். உடனே ஓட்டை விலைக்கு விற்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) பெருகின. 2019 ஆகஸ்டில் வெகுமதிக் கோட்டை மறுபடி வளைத்தார்கள், அடி விழுந்தது குறைவாகச் சம்பாதிக்கும் பதிவுகளுக்கு. 2020 மார்ச்சில் ஸ்டீமிலிருந்து பிரிந்துபோன ஹைவ், 2021 நடுவில் அதைத் திரும்ப நேர்கோடாக்கியது. ஆனால் கோடு எப்படிப் போனாலும் ஓட்டின் எடை பூட்டிய டோக்கனைப் பொறுத்தது என்ற அடிப்படையை யாரும் தொடவில்லை. தொட்டால் ஒருவரே ஆயிரம் போலிக் கணக்கு திறந்து ஓட்டுப் போட்டுக்கொள்வார் என்பதும் நியாயமான பயம்தான்.

எனக்கு இதைவிட உறுத்தியது ஏழு நாள் கணக்கு. பதிவு வெளியான ஏழாவது நாளோடு வருமானக் கதவு மூடிவிடும். கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடுகளான கீகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒரு நீண்ட பதிவு எழுதினேன். கீ தொலைந்தால் மீட்டுத் தர வாடிக்கையாளர் சேவை என்று ஒன்று அங்கே கிடையாது, அதனால் மெனக்கெட்டு எழுதினேன். முதல் வாரத்தில் 0.11. இரண்டு வருடம் கழித்தும் தேடி வந்து படித்துவிட்டு நன்றி சொல்கிறார்கள். அந்த வாசிப்புக்கு மதிப்பு பூஜ்யம். நின்று பேசும் எழுத்தைவிட அன்றன்றைக்குத் தட்டிவிடும் எழுத்துக்கே லாபம் என்ற கணக்கு மெல்ல மெல்ல நம் கைக்குப் பழகிவிடுகிறது. நானும் பழகினேன்.

அப்புறம் ஆட்டோவோட். ஒரு டால்பின் என்னைத் தன் தானியங்கிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பதிவு போட்டு ஐந்தாவது நிமிடம் ஓட்டு வந்து விழும். ஒருநாள் அவசரத்தில் அரைகுறை வரைவையே வெளியிட்டுவிட்டேன். நடுவில் 'இங்கே படம் சேர்க்க வேண்டும், இந்தப் பத்தி சொதப்பல்' என்று எனக்கே எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது. அந்த மாதத்தில் அதிகம் சம்பாதித்தது அந்தப் பதிவுதான். ஒருவரும் அந்த வரியைப் பற்றிக் கேட்கவில்லை. சிரித்தேன், ஆனால் அன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை. படிப்பவர் வேறு, படியளப்பவர் வேறு என்பது அன்றுதான் உறைத்தது.

ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதினால் இந்தப் பிளவு இன்னும் அகலம். தேடிப்பிடித்து ஓட்டுப் போடும் க்யூரேட்டருக்கு உங்கள் மொழி தெரியாது. பாதியை மொழிபெயர்த்துப் போடு, படம் நிறையச் சேர் என்பார்கள். ஒரு வருடம் அப்படிச் செய்தேன். வேலை இரட்டிப்பானது, தொகை கொஞ்சம் கூடியது, என் மொழி வாசகர்கள் இருவர் 'இது யாருக்காக?' என்று கேட்டார்கள்.

டவுன்வோட்டும், அதாவது தொகையைக் குறைக்கும் எதிர் ஓட்டும், வாங்கியிருக்கிறேன். என்னுடைய பழைய கட்டுரை ஒன்றையே மறுபடி போட்டேன். பெரிய கணக்கு ஒன்று நகல் என்று அடித்து 2 டாலரைப் பூஜ்யமாக்கியது. பழையது என்று மேலே ஒரு வரி எழுதாதது என் தப்பு. விளக்கம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

உருப்படியாகப் பலித்தது பின்னூட்டம் மட்டும். தினமும் ஐந்தாறு பேரின் பதிவை உண்மையாகப் படித்து, நான்கு வரியாவது எழுதுவேன். புதுக் கணக்குக்கு அதற்கும் ரேஷன் உண்டு. ரிசோர்ஸ் கிரெடிட் தீர்ந்தால் அது ஊறும் வரை சும்மா இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு சிறு குழுவின் க்யூரேட்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமானார். பதிவுக்கு 0.30, 0.40 என்று நிலைத்தது அதன் பிறகுதான். எழுத எடுத்த நேரத்தைவிட ஆட்களோடு பேச எடுத்த நேரம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதச் செலவுக்கு ஆகுமா என்று கேட்பவர்களிடம் அதை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சொந்தப் பணத்தைப் போட்டுப் பவர் வாங்கச் சொல்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம். நான் போன மாதம் பவர் டவுன் போட்டேன், பூட்டிய டோக்கனைத் திரும்ப எடுக்கும் வழி அது. எங்கள் தளத்தில் 13 வாரம், வாரத்துக்கு ஒரு பங்காக வரும். நான்கு பங்கு வந்துவிட்டது. பாதியில் நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது, இரண்டு முறை அதன்மேல் விரலை வைத்து எடுத்துவிட்டேன்.