மாடியில் இருந்த தங்கச் சேமிப்பு நிலையம்: பூஜ்ய மதிப்பெண்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் நடந்த தங்கச் சேமிப்பு நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுதிப் பயனில்லை; அதைத்தான் அவர்கள் முதலில் மாற்றுவார்கள்.

உபசரிப்பில் குறை இல்லை. முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, தமிழில் பொறுமையாகப் பேசினார்கள். எந்த வங்கியிலும் அவருக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. “துன் சம்பந்தன் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்றபோதும் சிலர் பயந்தார்கள், அம்மா” என்றார் முகவரான அக்கா. தோட்டத் தொழிலாளர்களுக்காக அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் என் தாத்தாவும் பங்கு வாங்கியவர். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்போது சந்தையில் 2,800 ரிங்கிட் பெற்ற பத்து கிராம் தங்கக் கட்டியை 3,500க்குக் கொடுத்தார்கள். மாதம் இரண்டு விழுக்காடு, அதாவது 70 ரிங்கிட், ‘ஹிபா’ (அன்பளிப்பு) என்ற பெயரில் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாம் கூடுதலாகக் கொடுத்த 700 ரிங்கிட்டைப் பத்து மாதங்களில் நமக்கே திருப்பித் தருகிறார்கள். அம்மா எட்டுக் கட்டிகள் வாங்கினார். ஒன்பதாம் மாதம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று எட்டையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அடுத்த வாரம் கதவில் பூட்டு. மாடிப்படியில் ஆட்கள் பிளாஸ்டிக் உறைகளில் ரசீதுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட இரண்டு தாள்கள் தொங்கின: கம்பெனிப் பதிவுச் சான்றிதழும் நகராண்மைக் கழக உரிமமும். இரண்டிலும் அரசாங்க முத்திரை. முதல் தாள், கம்பெனியின் பெயர் பதிவாகியிருக்கிறது என்கிறது. இரண்டாவது, கடை திறக்கலாம், பலகை மாட்டலாம் என்கிறது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதற்கு வேறு உரிமம் வேண்டும். அது இல்லாமல் வாங்கினால் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி பத்தாண்டு வரை சிறை, ஐந்து கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கடுமையானதுதான். ஆனால் சுவரில் இல்லாத ஒரு தாளை என் அம்மா எப்படித் தேடுவார்?

புகார் கொடுக்கப் போன ஓர் அலுவலகத்தில், “இது தங்க விற்பனை, எங்கள் பொறுப்பு அல்ல” என்றார்கள். இன்னொன்றில், பணம் சம்பந்தப்பட்டது என்று முதல் இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அம்மா அன்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

இது புதுவகை மோசடி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஜெனிவா என்ற தங்க வியாபாரக் கம்பெனியில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2009இலேயே சோதனை நடத்தியது. பிறகு அதே பெயருடன் ‘மலேசியா’வைச் சேர்த்துக்கொண்ட இன்னொரு கம்பெனி தங்கம் விற்றது. 2012 அக்டோபரில்தான் அங்கும் சோதனை. இடையில் மூன்று ஆண்டுகள்! அந்த மூன்று ஆண்டுகளில் பணம் கட்டியவர்களுக்கு யார் பதில் சொல்வது? இன்று பேங்க் நெகாரா எச்சரிக்கைப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. அதைத் தமிழில் அச்சடித்துக் கோயில் வாசலிலும் மார்க்கெட்டிலும் ஒட்டுங்கள் என்று கேட்கிறேன். பணம் கட்டுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

போன வாரம் அதே மாடியில் புதுப் பலகை ஏறியிருக்கிறது. இப்போது தங்கம் இல்லை, ‘செம்பனை முதலீடு’. துண்டுத்தாள் உங்கள் வீட்டுக் கதவிலும் செருகியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் பேங்க் நெகாராவை 1-300-88-5465 என்ற எண்ணில் கேளுங்கள். நான் அழைத்து அந்தப் புதுக் கம்பெனியின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.