கல்யாணம் ஆகிவிட்டது, விமான டிக்கெட்டில் எந்தப் பெயர்?

தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போக, கோலாலம்பூர்–திருச்சி போகவர டிக்கெட்டை மலிவாகக் கிடைத்தபோதே எடுத்துவைத்தோம். அப்போது எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை. மனைவிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், இந்திய பாஸ்போர்ட். அதில் குடும்பப் பெயர் வரும் இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர். டிக்கெட்டிலும் அப்படியேதான். தாலி கட்டி, மலேசியத் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் பதிவும் முடிந்த பிறகு, சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பொண்ணு பேருக்குப் பின்னால இன்னும் அப்பா பேருதானா? டிக்கெட்ட மாத்தலையா?"

மலேசியாவில் பிறந்த நம் பெண்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. என் அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அக்காவின் ஐசி என்ற அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் இன்றும், இன்னாரின் மகள் என்று சொல்லும் 'ஏ/பி' போட்டு அப்பா பெயர்தான். மருமகள் பெயரோடு மகன் பெயரைச் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடும் பெரியவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். ஆசையில் செய்வதுதான், ஆனால் கவுண்டரில் பார்ப்பது பாஸ்போர்ட்டை.

எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பெயரை மாற்றிய பிறகு புதிதாக எடுப்பது. பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றி, அதைக் காட்டி டிக்கெட்டிலும் திருத்துவது. இல்லையென்றால் இரண்டையும் அப்படியே விட்டுப் பழைய பெயரில் போய்வருவது.

ரத்து செய்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் விமான நிலைய வரி போன்ற சில்லறைதான் கைக்குத் திரும்பும். தீபாவளி நெருங்க நெருங்கத் திருச்சி டிக்கெட் விற்கும் விலை எல்லாருக்கும் தெரியும்.

டிக்கெட்டில் பெயரைத் திருத்துவது கேட்பதற்கு எளிது. விமான நிறுவனங்கள் பொதுவாக இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கின்றன: அதே ஆளின் பெயரைச் சரிசெய்வது ஒன்று, டிக்கெட்டை இன்னோர் ஆளுக்குக் கொடுப்பது இன்னொன்று. பின்னதைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். திருமணத்தால் வரும் மாற்றம் முன்னதில் சேரும். திருமணச் சான்றிதழையும் புது பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஏஜெண்டிடம் எடுத்த டிக்கெட் என்றால் அவர் வழியாகத்தான் போக வேண்டும். எங்களுடையது ஒரே நிறுவனத்தின் நேரடி விமானம். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்த டிக்கெட்டில் இது இன்னும் சிக்கலாகும் என்று எங்கள் ஏஜெண்ட் சொன்னார். அவர் வார்த்தையைத் தவிர எனக்கு அதில் அனுபவம் கிடையாது.

நான் பழைய பெயரிலேயே போகும் வழிக்குச் சாய்ந்ததற்குக் காரணம் பணம் இல்லை, பாஸ்போர்ட் எண்.

இந்திய பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றுவது என்றால் இருக்கும் புத்தகத்தில் ஒரு வரியை அடித்து எழுதுவது இல்லை. புதுப் புத்தகமே போடுவார்கள், எண்ணும் புதிது. பழையதை ரத்து செய்து திருப்பித் தருவார்கள். சரி, இதில் என்ன என்று முதலில் தோன்றும். ஆனால் மலேசியாவில் வாழ என் மனைவிக்குக் கொடுத்திருக்கும் நீண்டகால வருகை அனுமதி அந்தப் பழைய எண்ணோடு கட்டியது. பாஸ்போர்ட் மாறினால் இமிகிரேசனுக்குப் போய் அனுமதியைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு நானும் கூடப் போய் நிற்க வேண்டும். வேலைக்கு ஒரு நாள் லீவு எடுத்தால் போதும் என்று நினைத்தால், ஒரு தாள் குறைந்தது என்று இன்னொரு நாளும் போகும். அப்புறம் வங்கிக் கணக்கு, போன் சிம் என்று பாஸ்போர்ட் எண் கொடுத்த இடமெல்லாம் வரிசையாக வரும். டிக்கெட்டில் ஒரு பெயரைத் திருத்தப் போய், இத்தனையையும் தீபாவளிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா?

பெயரைத் திருத்தச் சொன்னவர்கள் இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: "ஊருக்குத்தான் போறீங்க, திருச்சி பாஸ்போர்ட் ஆபிஸ்லயே மாத்திக்கிட்டு வந்துடுங்க." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. போகவர டிக்கெட் ஒன்று, அதில் பெயரும் ஒன்றுதான். போகும்போது பொருந்திய பெயர் வரும்போது பொருந்தாது. புதுப் புத்தகத்தில் பழைய பாஸ்போர்ட்டின் எண்ணைக் குறித்திருப்பார்கள் என்பது உண்மை. பழைய புத்தகத்தையும் திருமணச் சான்றிதழையும் சேர்த்துக் காட்டிச் சமாளித்தவர்களும் உண்டு. ஆனால் நள்ளிரவு விமானத்துக்குக் கவுண்டரில் இருக்கும் பிள்ளை அதை ஏற்றுக்கொள்வாரா என்பதை முன்கூட்டியே யாரும் உறுதி சொல்ல முடியாது. விமானத்தில் ஏறினாலும், இங்கே இறங்கும்போது அனுமதி இருப்பது ரத்தான புத்தகத்தில். பெட்டி நிறைய முறுக்கும் அதிரசமும் வைத்துக்கொண்டு மனைவியை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "கல்யாணம் ஆனப்புறம் புருஷன் பேருல போகலையே" என்றார். என் மனைவிதான் பேசி முடித்தார்: "பேர அப்புறம் பாத்துக்கலாம் அத்தை. இப்ப போய்ட்டு வந்துடுறோம்." டிக்கெட்டில் 'மிஸ்' என்று இருந்ததைக்கூட மாற்றவில்லை. இந்திய பாஸ்போர்ட்டில் மிஸ், மிஸஸ் என்று எதுவும் அச்சிடுவதில்லை; ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

பழைய பெயரிலேயே போய்வந்தோம். பாஸ்போர்ட், டிக்கெட், அனுமதி மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எண். இரண்டு பக்கமும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. திருமணச் சான்றிதழ் என் பையை விட்டு வெளியே வரவில்லை.

பெயர் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பயணத்துக்கு நிறைய மாதம் இருந்து, டிக்கெட்டும் எடுக்கவில்லை என்றால், முதலில் பாஸ்போர்ட், அடுத்து அனுமதி, கடைசியில் டிக்கெட் என்று போவது நல்லது. மலேசியர்களான நமக்கும் இந்தியா போக இ-விசா தேவை, அதுவும் பாஸ்போர்ட் எண்ணோடு வருவது. அதனால் உங்கள் பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்தால் விசாவுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 5 வருடத்துக்கு 200 வெள்ளி (ரிங்கிட்).

இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் துணைவர் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. தன் பெயரைத் தொடாமலேயே கணவர் பெயரைச் சேர்க்கலாம். திருமணமான பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனைவியின் பாஸ்போர்ட் தானாகவே முடியும் ஆண்டில் எப்படியும் புதுப் புத்தகம் வாங்க வேண்டும், அனுமதியையும் மாற்ற வேண்டும். அப்போது எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் என்பதை அவரே எழுதிக்கொள்ளட்டும்.