துரு ஏறிய போல்ட்: எண்ணெய், சூடு, ஈசி அவுட் – நீண்ட நாள் பயன்பாட்டில்

பழைய லிஸ்டர் வகை டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு) மரைதான் இருக்கும். பழைய அளவு 3 நூல் (3/8 இன்ச்) போல்ட்டின் தலை 0.710 இன்ச். 18 மி.மீ. ரிங் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். 19 போட்டால் முதல் இழுப்பிலேயே முனை மழுங்கும். பாக்ஸ் என்றால் ஆறு பட்டை. பன்னிரண்டு பட்டை துருத் தலைக்கு ஆகாது.

டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விரட்டும் திரவம். லேசான துருவுக்குச் சரி, வருஷக்கணக்கில் இறுகியதற்குப் போதாது. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) சமபங்கு கலந்தால் நன்றாகவே இறங்கும். இரண்டும் பிரிந்து நிற்கும், குலுக்கித்தான் விட வேண்டும். ராத்திரி விட்டு, காலையில் தலையைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, மறுபடி விடவும். இது பட்டால் பெயிண்டும் ரப்பரும் கெடும்.

உண்மையில் வேலையை முடிப்பது சூடுதான். சைலன்சர் மேனிஃபோல்டு நட்டில் தீயை நட்டுக்கு மட்டும் காட்டவும். நட் விரிந்தால்தான் துருவின் பிடி விடும். அசிட்டோன் விட்ட இடம் முழுக்கக் காய்ந்த பிறகே தீ காட்டவும். பாட்டிலும் துணியும் பக்கத்தில் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீயே வேண்டாம், நச்சுவாயு வரும். நட் மங்கிய சிவப்பாகி, அந்த நிறம் அடங்கியதும் மெழுகுவர்த்தியை மரையில் வைத்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

முதலில் துளி இறுக்கி, பிறகு கால் சுற்று கழற்றி, மீண்டும் உள்ளே. எண்ணெயோடு காப்பித்தூள் மாதிரி துரு வெளியே வர வேண்டும். நட் நகராமல் ஸ்பேனர் மட்டும் ரப்பர் போல இழுபட்டால் ஸ்டட் (நட் ஏறியிருக்கும் தலையில்லாத போல்ட்) முறுகுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி மறுபடி சூடு காட்டவும்.

முறிந்துவிட்டால் ஈசி அவுட்டை (முறிந்த துண்டில் துளை போட்டு, அதற்குள் இறுக்கித் திருப்பி எடுக்கும் கருவி) தொடாமலிருப்பது நல்லது. அது உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் பிட் அதில் ஏறாது. முறிந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து, ஓட்டை வழியாக வெல்டிங் வைத்துத் திருப்பினால், அந்தச் சூட்டிலேயே பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் நடுப்புள்ளி பிசகாமல் 8 மி.மீ. துளை, 3/8 விட்வொர்த் டேப் (மரை வெட்டும் கருவி).

திருப்பிப் பூட்டும்போது காப்பர் கிரீஸ். சாதா கிரீஸ் சைலன்சர் சூட்டில் கருகிவிடும். கிரீஸ் பூசிய மரை வழுக்கிக்கொண்டு ஓடுவதால், பழைய டார்க்கையே (முறுக்கு விசை) வைத்தால் கூடுதலாக இறுகும். சற்றுக் குறைத்துப் பிடிக்கவும்.