டிரஸ்டுக்கு ‘மீடியா ஆள்’ வைத்தோம்: காசுக்கு வேலை நடந்ததா?

நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகம். தொண்டு நிறுவனங்களுக்கு என்றே ஆண்டறிக்கை, நன்கொடையாளர் கடிதம், வாட்ஸ்அப் செய்தி, பத்திரிகைக் குறிப்பு எல்லாம் செய்து தருகிறார்கள். எங்கள் டிரஸ்ட் அவர்களோடு ஆறு மாத ஒப்பந்தம் போட்டது. மாதம் 8,000 ரூபாய், அச்சுச் செலவு தனி. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. குளச்சல் பக்கம் மீன் விற்கும் பெண்களோடு வேலை செய்கிறவள் நான். டிரஸ்டின் கணக்கு நோட்டும் என் கையில்தான், அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுவேன்.

முதலில் நல்லது. அந்த அலுவலகத்திலிருந்து வந்த பெண் எங்கள் பழைய நோட்டீஸை மேஜையில் விரித்து வைத்து, “இது யார் படிக்கிறதுக்கு அக்கா?” என்று கேட்டாள். “எல்லாரும்தான்” என்றார் எங்கள் செயலாளர். குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. அவள் நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்: வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் நம்மூர்ப் பிள்ளைகள், கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) அதிகாரி, கலெக்டர் ஆபீஸ், சங்கத்துப் பெண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: படித்து முடித்ததும் இவர்கள் என்ன செய்யணும்? செயலாளர் ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ஒரு மத்தியானத்துக்கே இரண்டு மாதக் கட்டணம் கொடுக்கலாம்.

அப்புறம் பேருந்து விஷயம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் அம்மா ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட காணொளி பரவியது நினைவிருக்கும். ஊழியர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள், முதல்வரே கண்டித்தார். அதற்குப் பிறகும் மீன் சருவத்தை, அதாவது மீன் கொண்டுபோகும் பாத்திரத்தை, பேருந்தில் எங்கே வைப்பது என்பதற்கு வழி பிறக்கவில்லை. காணொளி பரவினால் கோபம் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் கையில் ஒரு கோரிக்கை தயாராக இருக்க வேண்டும் என்று இவர்கள் சொன்னது சரிதான். எட்டுக் கோரிக்கை இருந்த எங்கள் மனுவை இரண்டே கோரிக்கையாகக் குறைத்தார்கள்: காலை நேரப் பேருந்தில் சருவம் வைக்க இடம், நிறுத்தத்தில் ஒரு கொட்டகை. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். மனுவை வாங்கிய அலுவலர் நின்றபடியே முழுசாகப் படித்தார். எனக்கு அதுவே புதுசு.

நன்கொடைக் கடிதமும் நன்றாக வந்தது. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகைக்கான சான்றிதழை எப்படியும் மே 31-க்குள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தாக வேண்டும். அதோடு சேர்த்தே ஒரு பக்கக் கடிதம் அனுப்பச் சொன்னார்கள். வரிக் கணக்குக்காக அந்தத் தபாலை எல்லோரும் பிரிப்பார்கள் அல்லவா?

இனி குறை. கரையை இவர்களுக்குத் தெரியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது என்று எங்கள் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அழகான படத்தோடு போட்டுவிட்டார்கள். அது கிழக்குக் கடற்கரைக் கணக்கு. நம் மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்குத்தான் அது பொருந்தும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. “போட்டெல்லாம் கடல்லல்லா கெடக்கு, ஒங்களுக்கு யாரு சொன்னா தடைன்னு?” என்று ஒரு பாட்டி குரல்செய்தி அனுப்பினார். இதே குழுவில்தான் நிவாரணத் தொகைக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்றும் சொல்கிறோம். தேதி ஒருமுறை தப்பினால் அடுத்த செய்தியை யார் நம்புவார்கள்? ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் கடைசியில், ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் போனதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கேட்டால் தெரியும். டிசம்பர் 7-ம் தேதி ஜனம் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கரையில் செய்தி என்பது அலங்கார வேலை இல்லை.

தமிழும் கொஞ்சம் விறைப்பு. “பயனாளிகள் இதனைப் பயன்படுத்திக் கொள்ளுமாறு” என்று எழுதினால் ஏலக்கூடத்தில் நிற்கிறவள் படிப்பாளா? சங்கத்துப் பெண் ஒருத்தி தன் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்பியதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். வானொலியை இவர்கள் யோசிக்கவே இல்லை. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி 1984-ல் தொடங்கியது நம் நாகர்கோவிலில்தான், எங்கள் பெண்கள் சிலர் வீட்டில் இன்றும் அது ஓடுகிறது.

படம் எடுக்க வந்த தம்பி, ஒக்கியில் கணவரை இழந்த ஒருவரிடம், “அவர் போட்டோவைக் கையில பிடிச்சிட்டு உக்காருங்க” என்றான். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். நானும் கேமராவை இறக்கச் சொன்னேன். தம்பி முகம் வாடினாலும் மறுநாள் விடியற்காலையிலேயே வந்தான். அதே அம்மா ஏலம் முடிந்து, ஈரக் கையோடு நோட்டு எண்ணும் படத்தை எடுத்தான். ஆண்டறிக்கையின் அட்டையில் அதுதான் இருக்கிறது. அவரும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

உங்கள் அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்குகிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50. அறிக்கை எழுதும் செலவும் அந்த 20-க்குள்தான் வரும். மாதாமாதம் கட்டணம் கட்டுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்கலாமா? அறிக்கைக்கும் மனுவுக்கும் தாராளமாக வாங்கலாம். சொந்த ஜனத்துக்குப் போகும் செய்தியை மட்டும் கொடுக்காதீர்கள். நாங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். மீதி வேலைக்கு மாதம் 5,000 தருகிறோம் என்று கேட்டிருக்கிறோம், 6,500-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்கள். பேச்சு நடக்கிறது.