ஸாகரா, இம்பீரியலா? வியன்னாவில் எங்கே தங்கலாம்

வியன்னாவில் கொஞ்சம் கூடுதலாகவே செலவழித்து ஒரு நல்ல பழைய ஹோட்டலில் தங்குவது என்று முடிவாகிவிட்டால், பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று ஸாகர், இன்னொன்று இம்பீரியல். நடந்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு நிமிடம்தான். இரண்டுக்குமே வயது 150ஐ ஒட்டி. இரண்டிலும் ஒரு இரவுக்குப் பல நூறு யூரோ. ஆளுக்கொரு சொந்தக் கேக் வேறு. படங்களில் பார்த்தால் அதே சிவப்புப் பட்டு, அதே சரவிளக்கு. எதில் தங்கினால் என்ன என்றுதான் தோன்றும். நானும் மனைவியும் ஒரு நவம்பரில் இரண்டு இரவு அங்கே, இரண்டு இரவு இங்கே என்று தங்கிப் பார்த்தோம். பெட்டியை இடம் மாற்றிய அன்றைக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

வித்தியாசம் பிறப்பிலேயே இருக்கிறது. ஸாகர் சத்திரமாகவே பிறந்த வீடு. இம்பீரியல் அரண்மனையாகப் பிறந்து, பிறகு சத்திரமான வீடு. அறையின் உயரம், வரவேற்பறையின் அளவு, வந்தவரை எதிர்கொள்கிற விதம் என்று மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஸாகர். 1832இல் ஆஸ்திரியப் பேரரசின் பெரிய அமைச்சரான மெட்டர்னிக் வீட்டு சமையலறையில் 16 வயதுப் பயிற்சிப் பையனாக இருந்த ஃபிரான்ஸ் ஸாகர் செய்ததாகச் சொல்லப்படுகிற சாக்லேட் கேக்தான் ஸாகர் டோர்ட்டே. அவருடைய மகன் எடுவார்ட் 1876இல் இசை நாடகங்கள் நடக்கிற அரங்கான அரசு ஆப்பராவின் முதுகுப்புறம் இந்த ஹோட்டலைத் திறந்தார். அதற்கு முன் அந்த மனையில் இருந்தது பழைய கெர்ன்ட்னர்டோர் நாடக அரங்கு. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7 அன்று முதன்முதலாக ஒலித்தது அங்கேதான். நாம் தூங்குகிற இடத்தில் அது நடந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

எடுவார்ட் 1892இல் இறந்துவிட, அவர் மனைவி ஆன்னா பொறுப்பேற்றார். கசாப்புக் கடைக்காரர் மகள். கையில் சுருட்டு, காலடியில் பிரெஞ்சு புல்டாக் நாய்கள், இதுதான் ஊர் அறிந்த ஆன்னா. விருந்தாளிகளை ஒரு மேஜை விரிப்பில் கையெழுத்துப் போடச் சொல்லி, அந்தக் கையெழுத்துகளின் மேல் நூலால் தையல் போட்டு வைத்தார். நடுவில் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபின் கையெழுத்து. 1930இல் ஆன்னா காலமானார். 1934இல் ஹோட்டல் திவாலாகிக் கைமாறியது. அப்போது வாங்கியவர்களில் கூர்ட்லர் குடும்பமும் ஒன்று. அன்று முதல் இன்று வரை குடும்பச் சொத்தாகவே இருக்கிறது. உலகச் சங்கிலி எதிலும் சேரவில்லை.

உள்ளே நுழைந்தால் இந்தக் குடும்பத்தனம் தெரிகிறது. வரவேற்பறை எதிர்பார்த்ததைவிடச் சின்னது, இருண்ட மரப்பலகை அடித்தது. மலைக்க வைக்கிற எதுவும் இல்லை. ஒரு பணக்கார அத்தை வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல இருக்கும். சிவப்பு பார், பச்சை பார், நீல பார் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். பட்டுத் துணி ஒட்டிய சுவர்கள், அங்கங்கே எண்ணெய் ஓவியங்கள். சாவி வாங்கும்போது, 'இன்று மாலை ஆப்பராவா, எத்தனை மணிக்குச் சாப்பாடு?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலேயே இந்த ஹோட்டலின் வேலை என்ன என்று புரிந்துவிடும். தெருவைத் தாண்டினால் ஆப்பரா. ஏழு மணிக்குத் திரை எழும் என்றால் ஆறு ஐம்பதுக்கு அறையைப் பூட்டினால் போதும். முடிந்ததும் பட்டுப் புடவையின் மேல் கனமான கோட்டுப் போட்டுக்கொண்டு நடுங்கியபடி டாக்ஸி தேட வேண்டியதில்லை. நவம்பர் இரவில் இந்த ஒரு வசதிக்கே என் மனைவி ஸாகருக்கு ஓட்டுப் போட்டாள்.

எதிரே அல்பெர்ட்டினா அருங்காட்சியகம். அதன் ஓரத்தில் ஒரு சாஸேஜ் கடை. ஆப்பரா முடிந்த இரவில் முழு உடுப்பில் இருப்பவர்கள் அங்கே நின்றபடியே கடுகு தொட்டுச் சாப்பிடுவதைப் பார்க்கலாம். அதே சதுக்கத்தில் போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1945 மார்ச் 12 குண்டுவீச்சில் அங்கிருந்த ஒரு பெரிய கட்டடம் நிலவறையில் ஒளிந்திருந்தவர்கள் மேலேயே சரிந்தது. அதே நாள்தான் ஆப்பராவும் எரிந்தது. மறுபடி திறக்க 1955 நவம்பர் ஆயிற்று.

ஸாகரின் குறை என்று சொன்னால், கூட்டம். கீழே உள்ள காபிக் கடைக்குக் காலையிலிருந்தே தெருவில் வரிசை நிற்கும். தங்கியிருப்பவர்கள் கேக்கை அறைக்கே வரவழைத்துக்கொள்ளலாம் என்றாலும், வாசலில் எந்நேரமும் ஒரு சுற்றுலா இரைச்சல். புகழ்பெற்ற இடத்தில் தங்குவதன் விலை அது.

அடுத்து இம்பீரியல். வூர்ட்டெம்பெர்க் பிரபு ஃபிலிப் தனக்காக 1860களில் ரிங் சாலையில் கட்டிக்கொண்ட மாளிகை இது. நகரத்தின் பழைய மதிலை இடித்துவிட்டுப் போட்ட சாலை அது. பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு மாளிகை எழுப்பிய காலம். பிரபு அங்கே அதிக நாள் இருக்கவில்லை, விற்றுவிட்டார். 1873இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி வந்தது. அதற்காக ஹோட்டலாக மாற்றித் திறந்தார்கள். அடுத்த இரண்டாவது வருஷமே, 1875இல், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் ஆப்பராக்களை மேடையேற்ற வந்து குடும்பத்தோடு இங்கேதான் தங்கினார். பின்னால் ஆஸ்திரிய அரசின் விருந்தினர்களாக வருகிற மன்னர்களும் அதிபர்களும் இறங்கும் இடமாயிற்று. 1969இல் எலிசபெத் ராணி வந்தபோதும் இங்கேதான்.

படிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிப்ட் இருக்கிறது, முதல் முறை அதில் ஏறாதீர்கள். வரவேற்பறையின் ஓரத்தில் அகலமான கற்படிகள், நடுவே சிவப்புக் கம்பளம். படியின் உயரம் குறைவு, அகலம் அதிகம். வேகமாக ஏற முயன்றால் கால் தடுமாறும், மெதுவாகத்தான் ஏற முடியும். நீளப் பாவாடை தரையில் புரள, பார்க்கிறவர்கள் பார்க்க, நிதானமாக ஏறுவதற்கென்று கட்டிய படி. என் மனைவி புடவையில் அதில் ஏறியபோது அந்தப் படியின் கணக்கு எனக்குப் புரிந்தது. கைப்பிடிக் கல் உள்ளங்கைக்குச் சில்லென்று இருந்தது. மேலே போனதும் கூரை நம்மைவிட்டு விலகி எங்கோ உயரத்துக்குப் போய்விடுகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். அரண்மனையாக இருந்தது கீழ்த்தளங்கள் மட்டும்தான். மேல் இரண்டு மாடிகள் 1928இல் கூட்டியவை. மேலே போகப் போகக் கூரை தாழும், அறை சுருங்கும். நம் ஊரில் மேல்மாடி என்றால் காற்றும் காட்சியும் என்று ஆசையாகக் கேட்டு வாங்குவோம். இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். வேறொரு நகரத்தில், பழைய மாளிகை என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, பின்பக்கம் புதிதாக ஒட்டிக் கட்டிய ஒரு பெட்டி அறையில் மூன்று இரவு கழித்தவன் நான். சன்னலைத் திறந்தால் சமையலறைப் புகைபோக்கி. அதற்கப்புறம் எந்தப் பழைய ஹோட்டலிலும் எந்த மாடி, எந்தப் பக்கம் என்று கேட்காமல் பணம் கட்டுவதில்லை.

இம்பீரியலில் பக்கமும் முக்கியம். முன்பக்கம் என்றால் ரிங் சாலையும் டிராம்களும் தெரியும். அந்த மணியோசை எனக்குப் பிடித்திருந்தது, லேசாகத் தூங்குகிறவர்களுக்குப் பிடிக்காது. பின்பக்கம் என்றால் நேர் எதிரே முஸீக்ஃபெரைன் என்கிற கச்சேரி அரங்கம். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு புத்தாண்டுக் கச்சேரி நடத்துகிற பொன் மண்டபம் அதற்குள்தான் இருக்கிறது. ஆக, ஆப்பராவுக்கு ஸாகர் எப்படியோ, கச்சேரிக்கு இம்பீரியல் அப்படி. எதற்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்களோ அதையே பாதி முடிவாக வைத்துக்கொள்ளலாம். ஜூலை, ஆகஸ்டில் ஆப்பரா மூடியிருக்கும். அந்த மாதங்களில் ஸாகரின் பெரிய பலமே இல்லாமல் போகிறது.

இம்பீரியலைப் பற்றி எழுதும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சாமுவேல் ஷாலிங்கர். இம்பீரியலுக்கும், ஆப்பராவை ஒட்டியிருக்கிற பிரிஸ்டல் ஹோட்டலுக்கும் உரிமையாளர்களில் ஒருவராக இருந்த யூதர். 1938 மார்ச்சில் ஹிட்லர் வியன்னாவுக்குள் வந்து தங்கியது இதே இம்பீரியலில். அந்த வருஷமே ஷாலிங்கரின் பங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1942இல் தெரேசியன்ஷ்டட் என்கிற நாஜி முகாமில் அவர் இறந்தார். போர் முடிந்து நான்கு நாடுகள் வியன்னாவைப் பங்கு போட்டபோது இம்பீரியலில் சோவியத் தலைமையகம், ஸாகரில் பிரிட்டிஷார், பிரிஸ்டலில் அமெரிக்கர். பழமை என்று நாம் காசு கொடுத்து வாங்குவதில் வாக்னரும் ராணியும் மட்டும் இல்லை, ஷாலிங்கரும் இருக்கிறார். அந்தக் கம்பளத்தில் நடக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

இன்றைக்கு இம்பீரியல் துபாயின் அல் ஹப்தூர் குழுமத்துக்குச் சொந்தம், நடத்துவது மேரியட். அதனால் மேரியட் பாயிண்டுகள் சேர்த்து வைத்திருப்பவர்கள் இங்கே அவற்றைச் செலவழிக்க முடியும். ஸாகரில் அந்த வழி இல்லை. உபசாரத்திலும் இது கொஞ்சம் தெரிகிறது. இம்பீரியலில் எல்லாம் ஒழுங்கு, எல்லாம் நேரத்துக்கு, யாரும் குரல் உயர்த்துவதில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலை என் மனைவிக்குச் சர்க்கரையில்லாத காபி என்பதைக் கேட்காமலே கொண்டுவந்தது ஸாகரில்தான்.

கேக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸாகர் டோர்ட்டேயின் மேல் சாக்லேட் பூச்சு கனமானது. முள்கரண்டியை அழுத்தினால் மெல்லிய ஓடுபோல விரிசல்விட்டு இறங்கும். நாக்கில் சர்க்கரை லேசாக நறநறக்கும். உள்ளே ஆப்ரிகாட் ஜாம் இரண்டு அடுக்கு, ஒன்று நடுவில், ஒன்று பூச்சுக்குக் கீழே. டேமெல் என்கிற பழைய இனிப்புக் கடையில் ஒரே அடுக்கு. எது அசல் என்று இருவரும் வருஷக்கணக்கில் வழக்காடி 1963இல் சமாதானமானார்கள். கேக் கொஞ்சம் உலர்ந்திருக்கும், அதனால்தான் சர்க்கரை போடாத பாலேட்டை நுரையாக அடித்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது, நிறையவே சேர்க்கிறார்கள். இம்பீரியல் டோர்ட்டே சதுரமானது, மெல்லிய பாதாம் அடுக்குகள், இடையே கோகோ கிரீம், சுற்றிலும் பாதாம் விழுது. நம் பாதாம் கேக் தெரிந்த நாக்குக்கு இது உடனே பிடித்துவிடும். எனக்கு இதுதான்.

காபிக்கு இரண்டு இடத்திலும் ஒரே மரியாதை. வெள்ளித் தட்டில் கோப்பை, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், கிளாஸின் வாய்மேல் கவிழ்த்து வைத்த ஸ்பூன். அந்தத் தண்ணீரைத் தவறாமல் குடியுங்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே வருவது, இம்பீரியல் திறந்த அதே 1873இல் போட்ட குழாய். அறைக் குழாயிலும் அதே தண்ணீர்தான். பாட்டில் தண்ணீருக்கு ஹோட்டலில் காசு கொடுப்பது வீண்.

வேறு ஹோட்டல்கள் இல்லையா என்றால், உண்டு. பிரிஸ்டல் 1892இலிருந்து ஆப்பராவின் பக்கத்திலேயே இருக்கிறது, அமைதி விரும்புகிறவர்களுக்கு நல்லது. நீச்சல் குளம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் பார்க் ஹயாத் போகலாம். பழைய வங்கிக் கட்டடம், பெட்டக அறை இருந்த இடத்தில் குளம். குழந்தைகளோடு போனால் இந்த ஒப்பீட்டையே விட்டுவிட்டு அங்கே போய்விடுங்கள்.

பெரியவர்கள் இருவர், முதல் முறை, ஆப்பரா டிக்கெட் கையில் என்றால் ஸாகர். கச்சேரிக்காகப் போகிறீர்கள், அல்லது கட்டடத்துக்குள்ளேயே அரை நாள் கழிப்பது பிடிக்கும் என்றால் இம்பீரியல், ஆனால் கீழ்த்தள அறை கிடைத்தால் மட்டும். மேல்மாடிச் சின்ன அறைதான் என்றால் அதே பணத்துக்கு ஸாகர் மேல். புத்தாண்டுக்கும், பிப்ரவரி வாக்கில் வருகிற ஆப்பரா நடன விழா வாரத்துக்கும் இரண்டிலும் இடம் கிடைப்பது கஷ்டம், விலையும் எங்கோ போய்விடும். மற்ற நாட்களில், முன்பதிவு செய்யும் முன்பே ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்த மாடி, எந்தப் பக்கம், கட்டிலில் இரண்டு தனி மெத்தையா ஒரே மெத்தையா என்று கேளுங்கள். ஆஸ்திரியாவில் இரட்டைக் கட்டில் என்றால் பெரும்பாலும் இரண்டு மெத்தையை ஒட்டிப் போட்டு, போர்வையும் தனித்தனியாகத்தான் தருவார்கள்.